அசல் சிறுகுறிஞ்சான்

“போலிச் சரக்கு எங்க வீட்டு உரலுக்குள்ள விழுந்ததே இல்ல, வே!” சிவனாண்டி வைத்தியர் அம்புரோஸிடம் உறுமினார். அவர் முறைத்தது என்னவோ மூலிகை இலை கொண்டுவரும் முத்துக்கனியைத்தான்.

அம்புரோஸ் புண்ணான காலை பெஞ்சில் நீட்டியிருந்தார். ஊருக்குப் புதுத் துறைமுகம் வந்ததும் தோணித் தொழிலை விட்டவர். “மாதா திருநாள்லருந்து ஒங்க சிறுகுறிஞ்சான் சூரணந்தான் திங்கேன். சக்கர எறங்கலியே. டாக்டரு வெரல எடுக்கணுங்காரு.”

“அப்ப இவ கொண்டார எல சரியில்ல.”

“நல்லாருக்கே! வாய்ல போட்டுப் பாத்து வாங்குனது நீங்கதான அய்யா?” முத்துக்கனி வெடித்தாள்.

வைத்தியர் முதுகை நிமிர்த்தினார். நான்கு தலைமுறையாக அந்த வீட்டில் சிறுகுறிஞ்சானுக்கு ஒரே சோதனைதான். இலையை மென்று துப்பிவிட்டுக் கருப்பட்டியைக் கடிக்க வேண்டும். அசல் இலையென்றால் கருப்பட்டி மண்ணாகிவிடும், இனித்தால் போலி.

மனைவி போனபின் சோற்றுக்காக மூன்று மெஸ் மாறிவிட்டார். ஒருவனுக்கும் உப்புப் போடத் தெரியவில்லை. அம்புரோஸும் வராமல் போனால், அந்த வாசலில் அவர் செருப்பைத் தவிர வேறு செருப்பு கிடக்காது.

முத்துக்கனியின் இலைக்கட்டில் ஓர் இலையைக் கிள்ளி வேட்டியில் துடைத்தார். “தப்பு எலன்னா எங்க தாத்தா பேரு போட்ட பலகய எறக்கிருதேன். சரியான எலன்னா?”

“ஒங்ககிட்டயே வைத்தியம் பாக்கேன். வெரலு போனாலும் போட்டும்.”

“மொதல்ல வாயக் கட்டும்! வீட்டுல ஒளிச்சு வச்ச மக்ரூன் முட்டாய நீரு களவாண்டு திங்கதா ஊரே சொல்லுது.”

“எங்கன திங்க? எம் பொஞ்சாதி பிளாரன்ஸ் அத எண்ணில்லா வச்சிருக்கா!”

முத்துக்கனி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வைத்தியருக்குச் சுர்ரென்று ஏறியது. கருப்பட்டித் துண்டை எடுத்து வாயில் போட்டுக் கண்ணை மூடினார்.

துளி இனிப்பில்லை. மண். வெறும் மண். நெஞ்சு நிறைந்துவிட்டது அவருக்கு.

“அசல் சிறுகுறிஞ்சான்! எங்க பரம்பரைக்குத் தப்பு வராது, வே!”

அம்புரோஸ் நொண்டிக்கொண்டு எழுந்து வந்து, அவர் தோளை மெல்லத் தொட்டார்.

“வைத்தியரே… கிள்ளுன எல இன்னும் மெல்லாம ஒங்க கையிலதான இருக்கு.”