ஓர் ஆள் அகலம்

வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு முதல் பலகையில் ஏறி நின்றார்.

மொட்டை மாடியில் உச்சி வெயில். காலையிலிருந்து நான்கு பலகைத் துண்டுகள் பக்கம் பக்கமாகக் காய்ந்துகொண்டிருந்தன. தேக்கு, வேங்கை, பைன், அப்புறம் பிளாஸ்டிக் கலந்து செய்த கறுப்புப் பலகை ஒன்று.

தச்சர் வேலாயுதம் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நின்றுகொண்டிருந்தார். மரம் வாங்குகிறவர்கள் தட்டிப் பார்ப்பார்கள், மோந்து பார்ப்பார்கள். வெயிலில் காயப்போட்டு ஏறி நிற்கிற ஆளை அவர் இப்போதுதான் பார்க்கிறார்.

காரணம் இருந்தது.

போன மாதம் வீட்டுக்காரரின் மனைவிக்கு இரண்டு பாதங்களும் கொப்பளித்துவிட்டன.

மாடிக் கதவிலிருந்து கைப்பிடிச் சுவர் வரைக்கும்தான் நடந்தாள். கையில் காக்கைக்குச் சோறு. சுவரில் வைத்தாள், கூப்பிட்டாள், அவை வந்து தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். காலடியில் ஓடு கொதித்தது அவளுக்குத் தெரியவில்லை. பாதத்தின் உணர்ச்சியைச் சர்க்கரை நோய் கொண்டுபோய் வெகுநாளாகிறது.

செருப்பு போட்டுக்கொண்டு போகச் சொன்னார். முன்னோருக்கு வைக்கிற சோறு, செருப்புக் காலோடா என்று கேட்டாள். டாக்டரின் பாச்சாவும் அவளிடம் பலிக்கவில்லை.

அவள் காலில் கட்டு இருந்த நாட்களில் அவரே சோறு கொண்டுபோனார். வெறுங்காலோடுதான். வேகமாக நடந்தால் ஒன்றும் தெரியாது என்று கீழே வந்து பெருமையடித்துக்கொண்டார்.

காக்கைகள் வரவில்லை. அவர் குரல் அவற்றுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது.

அவளும் சரியாகச் சாப்பிடவில்லை. காக்கை தொடாமல் அவளுக்குத் தொண்டையில் இறங்காது. அந்த வீட்டுக்கு வேறு யாரும் சாப்பிட வருவதில்லை. கூப்பிட்டால் வருவதற்கு என்று அவளுக்கு இருந்தவை அவை மட்டும்தான்.

அதனால்தான் இந்த மரத்தளம்.

"மாடி முழுக்கப் போட்டா அம்சமா இருக்கும் சார்," என்று வேலாயுதம் சொல்லிப் பார்த்தார். கதவிலிருந்து சுவர் வரைக்கும், ஓர் ஆள் நடக்கிற அகலம் போதும் என்றுவிட்டார். அவள் ஒருத்திதானே நடக்கப்போகிறாள்.

எந்த மரம் சுடாது என்று அவள் காலால் சொல்ல முடியாது. அவர் கால்தான் சொல்ல வேண்டும்.

அவருக்கும் சர்க்கரை உண்டு. ஆனால் பெரிய சர்க்கரை அவளுடையது என்பது அந்த வீட்டில் எழுதாத சட்டம்.

தேக்கு சுடவில்லை.

வேங்கையும் சுடவில்லை.

பைனும் அப்படியே.

கறுப்புப் பலகையில் ஏறினார். நிதானமாக நின்றார். அதுவும் சுடவில்லை.

அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. தேக்குக்கு அவ்வப்போது எண்ணெய் பூச வேண்டும். இதற்கு அந்தத் தொல்லை கிடையாது, கரையான் பயமும் இல்லை.

"இதையே போட்டுரலாம்," என்றார்.

வேலாயுதத்துக்கு அது சரியாகப் படவில்லை. நிழலை விட்டு வந்தார். ஒரு காலை மட்டும் செருப்பிலிருந்து எடுத்து அந்தப் பலகையில் வைத்தார்.

வைத்த வேகத்தில் எடுத்தார்.

"யாத்தே! அடுப்புல வச்ச மாதிரில்ல இருக்கு. எப்படி சார் நின்னீங்க?"

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கிப் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். செக்கச்செவேல் என்றிருந்தது. தொட்டார். விரலுக்குத்தான் சூடு தெரிந்தது.

வேகமாக நடந்தால் ஒன்றும் தெரியாது. அவளிடம் அப்படித்தான் சொன்னார்.

பயமாக இருந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்வதற்கு இருந்தது ஒரே ஆள். அவளிடம் சொல்ல முடியாது.

வேலாயுதம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"நான் வேணா நின்னு பாத்துச் சொல்லட்டுமா சார்?"

வேண்டாம் என்று தலையசைத்தார்.

மண்டியிட்டார். குனிந்து, தேக்கின் மேல் கன்னத்தை வைத்தார்.

கன்னத்துக்குத் தெரிந்தது.

மற்றவற்றிலும் வைத்துப் பார்த்தார். கறுப்புப் பலகையில் கன்னம் படுவதற்கு முன்பே அனல் அடித்தது. வேங்கை கொஞ்ச நேரத்துக்குமேல் தாங்கவில்லை. பைன் அவ்வளவாகச் சுடவில்லை, ஆனால் ஒரு காலை வெயிலுக்கே ஓரம் வளையத் தொடங்கியிருந்தது.

மறுபடியும் தேக்குக்கு வந்தார். சூடு இருந்தது. தாங்கக்கூடிய சூடு. ஆனால் அவள் நிற்கப்போவது ஒரு நிமிஷமா?

கண்ணை மூடிக்கொண்டார். அவள் சோறு வைத்து, கூப்பிட்டு, அவை வந்து தின்று முடிக்கிற நேரம்வரை கன்னத்தை எடுக்காமல் கிடந்தார்.

மாடிப்படியின் கீழிருந்து அவள் குரல் கேட்டது.

"ஏங்க, சுடுதா?"

"சுடல."

"காலு வச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

இரண்டுமே பொய் இல்லை.

வேலாயுதம் கதவடியில் குத்தவைத்து உட்கார்ந்து டேப்பை எடுத்தார்.

"அப்ப தேக்கு. ஒரு ஆள் அகலம்தான சார்?"

அவர் எழுந்துபோய்ச் செருப்பில் காலை நுழைத்தார். வாருக்குள் விரல் சரியாகப் போயிருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். பார்த்தால்தான் தெரிந்தது.

"இல்ல. ரெண்டு ஆள் அகலம் போடுங்க."

வேலாயுதம் டேப்பை இன்னும் கொஞ்சம் இழுத்தார்.