கட்டிலுக்கு மேல் நாலு ஸ்பீக்கர்

"இந்தக் கட்டில்ல படுக்கிறது யாரு சார்?" ஏணியில் நின்றபடி இருதயநாதன் கேட்டார். தலைக்கு நேர் மேலே சீலிங்கில் ஓட்டை போடுவதற்கு முன் எந்த மெக்கானிக்கும் கேட்கிற கேள்விதான்.

"யாரும் இல்ல. நீங்க போடுங்க," என்றான் கோகுல். சொன்ன வேகத்தில் அவனுக்கே சுருக்கென்றது.

கடல் தாண்டி, தீவில், பாம்பூஃப்ளாட் என்ற ஊரில் அவன் புதிதாகக் கட்டிய வீட்டில், வாசலை ஒட்டிய அறை அது. கட்டில் வாங்கி ஐந்து மாதம் ஆகிறது. மெத்தையின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. அம்மா மங்கையர்க்கரசிக்கென்று வாங்கியது.

அப்பா போன பிறகு அருப்புக்கோட்டையில் தனியாக இருக்கிறவள் அவள். வீடு கட்டும்போது மகனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். காலை வெயில் உள்ளே விழுகிற மாதிரி கிழக்கே ஒரு சன்னல். கோகுல் சன்னலை வைத்துவிட்டான், அம்மாவைத்தான் இன்னும் கூப்பிட்டுக்கொள்ளவில்லை.

முதலில் மழைக்காலம் போகட்டும் என்றான். அப்புறம் கப்பலில் டிக்கெட்டே இல்லை என்றான். கட்டிய மனைவி அகிலா கப்பல் டிக்கெட் கவுன்டரில் வேலை பார்க்கிறாள், இவன் சொல்கிறான் டிக்கெட் இல்லையாம்! உண்மை என்னவென்றால், ஐயாவுக்குக் கல்லூரி நாளிலிருந்தே ஓர் ஆசை. கதவைச் சாத்திக்கொண்டு, நாலு மூலையிலிருந்தும் பாட்டுக் கேட்க ஓர் அறை வேண்டும்.

இது அத்தை ரூம் என்று அகிலா ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். அதற்குமேல் அவள் வாயைத் திறக்காததே இவனை அரித்துக்கொண்டிருந்தது. இன்றைக்கு அவள் ஆபீஸ் கிளம்பும்வரை காத்திருந்துதான் மெக்கானிக்கை வரச் சொன்னான்.

ஸ்பீக்கர்கள் அன்று காலை சென்னைக் கப்பலில் வந்து இறங்கியவை. கப்பலில் வந்த தன் சொந்தக்காரர் கையிலிருந்து பெட்டிகளை வாங்கிக்கொண்டு, சாத்தாம் படகுத்துறையில் ஃபெரி பிடித்து நேராக இங்கே வந்துவிட்டார் இருதயநாதன். தீவிலேயே பிறந்து வளர்ந்த தூத்துக்குடிக் குடும்பத்து மனிதர். பேச்சில் அங்கங்கே இந்தி எட்டிப் பார்க்கும்.

பென்சிலால் வட்டம் போட்டு அறுக்க அறுக்க, வெள்ளைத் தூள் கோலமாவு மாதிரி கொட்டியது. தூசி போவதற்காகக் கிழக்குச் சன்னலை விரியத் திறந்து வைத்தார்கள். மதியத்துக்குள் நாலு ஸ்பீக்கரும் சீலிங்கில் உட்கார்ந்துவிட்டன.

"பஸ், அவ்வளவுதான், ஆயிட்டு சார். உங்க போனைக் கனெக்ட் பண்ணுங்க, டெஸ்ட் பண்ணிருவோம்."

ஒரு பாட்டைப் போட்டார்கள். சும்மா சொல்லக்கூடாது, அறையே நிறைந்துபோயிற்று. இதற்காகத்தான் இத்தனை வருடம் தவம் கிடந்தான், ஆனால் ஒரு வரிகூட அவன் காதில் ஏறவில்லை.

நாலு நாளாக அம்மாவிடமிருந்து போன் இல்லை. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிடுகிறவள். இவன் போட்டாலும் கிடைக்கவில்லை. கோபித்துக்கொண்டு அணைத்து வைத்திருக்கிறாள் என்று நினைத்தான். கோபப்படட்டும், நான் செய்கிற காரியத்துக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி என்றும் நினைத்தான்.

பாட்டு சட்டென்று நின்று, போன் மணி சீலிங்கிலிருந்து அலறியது. அம்மா! நாலு நாள் தவிப்பில் எதையும் யோசிக்காமல் எடுத்துவிட்டான்.

"கோகுலு, நல்லாருக்கியாய்யா?"

அவளுக்கென்று கட்டிய அறையில் அவள் குரல் நாலு மூலையிலிருந்தும் இறங்கியது. கோகுலுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. சத்தத்தைக் குறைக்கச் சொல்லி இருதயநாதனுக்குக் கையைக் காட்டினான். அவரோ, மைக்கும் சேர்ந்தே இருக்கிறது, தாராளமாகப் பேசுங்கள் என்று பெருமையாகச் சைகை செய்தார்.

இத்தனை நாள் ஏன் பேசவில்லை என்று கேட்டான். அதற்குப் பதில் சொல்லாமல், ரூம் வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று விசாரித்தாள் அம்மா.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தொண்டைவரை வந்தது. வாய் வேறு சொன்னது. "இன்னும் முடியலம்மா. சீலிங்கே போடல, மழை பெஞ்சா ஒழுகுது. ஆளு படுக்கவே முடியாது."

இருதயநாதன் நிமிர்ந்து, தான் சற்றுமுன் அறுத்த புத்தம்புது சீலிங்கைப் பார்த்தார். பிறகு குனிந்து, துடைத்து வைத்த ஸ்குரூடிரைவரையே மறுபடியும் துடைக்க ஆரம்பித்தார். அந்த மனிதரின் முகத்தைப் பார்க்கக் கோகுலுக்குத் தைரியம் வரவில்லை.

"ஒழுகுனா என்னய்யா, ஒரு ஓரமாப் படுத்துக்கிறேன்," என்றாள் அம்மா. "ஆமா, நான் பேசுறது எனக்கே திரும்பக் கேக்குதே?"

கோகுல் கட்டிலில் உட்கார்ந்தான். பிளாஸ்டிக் உறை மொறமொறத்தது. பெற்றவளிடம் போய் இப்படிப் புளுகுகிறோமே என்று அழுகை முட்டியது. இந்த நாலையும் கழற்றி ஹாலில் மாட்டிவிட வேண்டும், அடுத்த கப்பலுக்கே அம்மாவுக்கு டிக்கெட் எடுக்க வேண்டும் என்று அந்த நிமிஷமே முடிவு செய்தான். இப்போதைக்கு இந்தப் பேச்சு முடிந்தால் போதும்.

"லைன் சரியில்லம்மா. மெயின்லேண்டுலேர்ந்து பேசினா இப்படித்தான் கேக்கும்."

"லைன்ல இல்லய்யா. கெழக்குச் சன்னல் வழியா வருது, வந்து கதவத் தொற."