அருள்மொழி கேட்ட இன்டர்கூலர்

"மாமா, எங்கக்காவுக்குக் கடைசி வார்த்தை மொத்தம் எத்தன?" என்றான் ஆகாஷ்.

ராஜ்கமல் காரின் பானெட்டைத் தூக்கினான். அன்று காலையும் எழுந்தான், பல் விளக்கினான், பால் காய்ச்சினான், குளித்தான், துண்டைக் கொடியில் போட்டான், காரை எடுத்தான். தினமும் செய்வதுதான். சிப்காட்டுக்கு வேலைக்குப் போகாமல், திருவந்திபுரம் சாலையில் ஞானசேகரனின் கார் பட்டறைக்கு வந்ததுதான் மாற்றம். மச்சினன் ஆகாஷ் சிதம்பரத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தான்.

"வண்டிய வித்துடுங்கன்னு எங்கப்பா சொன்னப்ப, 'விக்காதீங்க'ன்னு அக்கா கடைசியா சொன்னான்னீங்க. எங்கம்மா உங்களுக்கு வேற பொண்ணு பாக்கவான்னு கேட்டப்ப, 'கட்டாதீங்க'ன்னு கடைசியா சொன்னான்னீங்க. சென்னைக்கு மாத்தல் வந்துது. கடலூர விட்டுப் போவாதீங்கன்னு அதுக்கும் ஒரு கடைசி வார்த்தை. இப்ப இன்டர்கூலரு. கடைசி மூச்சுல எங்கக்கா ஒரு மீட்டிங்கே போட்டிருக்கா!"

"பேசறவதானே உங்கக்கா" என்றான் ராஜ்கமல்.

ஞானசேகரன் சிரிப்பை அடக்கிக்கொண்டு பெஞ்சைப் பார்த்தார். கோயம்புத்தூரிலிருந்து பார்சலில் வந்த பெரிய இன்டர்கூலர் அதன்மேல் அலுமினிய ஜன்னல்போலக் கிடந்தது.

"இது எதுக்குண்ணே?" என்றான் ஆகாஷ்.

"டர்போ காத்த அழுத்தி இன்ஜினுக்குள்ள தள்ளும் தம்பி. அழுத்துனா காத்து சூடாவும். சூடானா இழுவ கொறையும். இது நடுவுல நின்னு டீ ஆத்தற மாதிரி ஆத்தி அனுப்பும்."

"வண்டில ஏற்கெனவே இருக்குல்ல?"

"இருக்கு. சாருக்கு அது பத்தலையாம்."

"மத்தியானத்துல இழுக்க மாட்டேங்குதுண்ணே" என்றான் ராஜ்கமல்.

"மத்தியானத்துல நானே இழுக்க மாட்டேன் சார்! ரொம்பப் பெருசாப் போட்டா, காத்து அத ரொப்பிட்டுதான் இன்ஜினுக்குப் போவும். பிக்கப்பு இன்னும் மந்தமாத்தான் ஆவும். நீங்க ஓட்டறது கடலூரு சிதம்பரம். ஊருக்கு ஊரு ஸ்பீட் பிரேக்கரு. பம்பர வேற வெட்டணும். நல்ல வண்டிய ஏன் சார் ரணப்படுத்தறீங்க?"

"வெட்டுங்கண்ணே."

"வீட்டு ஆளு சொல்லட்டும்."

கார் ராஜ்கமலின் மனைவி அருள்மொழி பெயரிலேயே இன்னும் இருந்தது. கல்யாணத்துக்கு அவள் அப்பா சீராகக் கொடுத்தது. அதில் கத்தி வைப்பதானால் அந்த வீட்டில் ஒருவர் சரியென்று சொல்ல வேண்டும் என்பதில் ஞானசேகரன் பிடிவாதமாக இருந்தார். அதற்குத்தான் ஆகாஷ். அவன் மாட்டேன் என்றால் இன்டர்கூலர் வந்த வழியே கோயம்புத்தூருக்குப் போக வேண்டியதுதான்.

ஆகாஷ் காரை ஒரு சுற்று சுற்றி வந்தான்.

"மாமா, எங்கக்காவுக்கு பெட்ரோல் எங்க ஊத்தறதுன்னே தெரியாது. அவளா இன்டர்கூலர் கேட்டா?"

"கேட்டா."

"எப்படிக் கேட்டா? பேரச் சொல்லியா?"

"பெருசா போட்டுடுங்கன்னா."

ஆகாஷ் சிரிக்க வாயெடுத்தான். ராஜ்கமலின் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

"சரி, வெட்டுங்கண்ணே" என்றான். "எங்கக்கா எங்கிட்ட எதுவும் சொல்லிட்டுப் போவல. கனவுலகூட வர மாட்டேங்கறா. இவருகிட்டயாவது ஒண்ணு கேட்டாளே. அத நான் எப்படித் தடுக்கறது?"

ஞானசேகரன் பம்பரில் சாக்பீஸால் கோடு போட்டார். வெட்டும் மிஷினை எடுத்துச் சொருகினார். அது ஒருமுறை கத்தி ஓய்ந்தது.

"அண்ணே, ஒரு நிமிஷம்" என்றான் ராஜ்கமல். "உச்சி வெயிலு. முன்னால கரும்பு ட்ராக்டரு. எதிர்ல விடாம பஸ்ஸு. அன்னிக்கி இது வண்டில இருந்திருந்தா முந்தியிருப்பனா?"

"எதிர்ல பஸ்ஸு வந்தா ஏரோப்ளேன் இன்ஜினப் போட்டாலும் முந்த முடியாது சார். பின்னாடியேதான் போவணும். நீங்க இல்ல, யாரா இருந்தாலும் அப்படித்தான்."

ராஜ்கமல் பம்பர் முன்னால் உட்கார்ந்தான். பிறகு சாக்பீஸ் கோட்டைக் கையால் துடைத்தான்.

"வேணாம்ணே. மிஷின வெச்சிடுங்க."

"என்ன மாமா இது? அக்கா கேட்டான்னீங்க?"

"கேக்கல."

"விக்க வேணாம்னு சொன்னது?"

"அதுவும் சொல்லல. அப்படி ஒண்ணுமே சொல்லல அவ. நானாத்தான் சொன்னேன்."

ஆகாஷ் பெஞ்சில் உட்கார்ந்தான். போன சித்திரையில் சிதம்பரத்துக்கு, அம்மா வீட்டுக்கு வந்த இடத்தில் அக்காவுக்குக் காய்ச்சல் முற்றியது. கடலூர் ஆஸ்பத்திரிக்கு இந்தக் காரில்தான் மாமா கொண்டு போனார். காரில் இருந்தது அவர்கள் இரண்டு பேர் மட்டும். போய்ச் சேர்வதற்குள் அக்காவின் உயிர் போய்விட்டது.

"நெசமா என்னதான் மாமா சொன்னா?"

"புதுச்சத்திரம் தாண்டி ட்ராக்டர் பின்னால மாட்டிக்கிட்டோம். வண்டி இழுக்கட்டும்னு ஏசிய நிறுத்திட்டுக் கண்ணாடிய எறக்குனேன். கை எடுக்காம ஹாரன் அடிச்சேன். உங்கக்கா என் கையப் புடிச்சி எடுத்து அவ மடில வெச்சிக்கிட்டா. 'காத்து நல்லா வருதுங்க, மெதுவாவே போங்க'ன்னா."