இறங்காத தூண்

புது ஜெட்டிக்காகக் கடலில் தூண் இறக்கும் வேலைக்கு எஸ்றாதான் ஓவர்சியர். மத்தியானம் முகம் செத்துப்போய் வீட்டுக்கு வந்தான்.

"நீராவிச் சம்மட்டி காலையிலயிருந்து அந்த அடி அடிக்குது, தூண் அரை அங்குலம்கூட இறங்கல ஜெபசெல்வி. அடியில பாறைதான். இடம் பார்த்துச் சொன்னவன் நான். வேலை போச்சு."

தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றது.

"பாறையா இருக்காதுங்க..."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"சத்தத்துல பிள்ளை ஒரு வாரமாக் கண்ணசரல. சம்மட்டி ஆளுககிட்ட அழுதேன். தூண் தலை பிளக்காம இருக்கக் கயித்துச் சும்மாடு வைப்பாங்கள்லா? அதுக்கு மேல நம்ம தேங்காநார் மெத்தையையும் வச்சுட்டாங்க. இன்னைக்குத்தான் பிள்ளை தூங்குதான்."

"அதான் தொப்பு தொப்புன்னு விழுதா! அடி பூராத்தையும் மெத்தைல்லா தின்னுட்டு இருந்திருக்கு!"

சோற்றைக்கூடப் பார்க்காமல் ஓடினான்.

மெத்தையை உருவி எறிந்ததும் சம்மட்டி 'ணங்'கென்று விழுந்தது. தூண் மளமளவென்று இறங்கியது.

சாயங்காலம் தெருமுனையிலேயே பிள்ளையின் அலறல் கேட்டது. ஜெபசெல்வி முறைத்தபடி பிள்ளையை நீட்டினாள். எஸ்றா வாரி அணைத்து முத்தமிட்டான்.

"அழுலே ராசா, நல்லா அழு! ஒங்கப்பனுக்கு வேலை இருக்கு!"