பதினோராம் வரிசையின் கடைசிக் கல்

சண்டை நடந்த மேட்டிலேயே சிப்பாய்களைப் புதைத்து வரிசை வரிசையாகக் கல் நட்டிருந்தார்கள். அங்கே புல் வெட்டுகிற வேலை அமிர்தவல்லிக்கு. அதே சண்டைக்குப் போன அவள் புருஷனின் உடல் கிடைக்கவேயில்லை. அதனால் பெயர் தெரியாதவர்களுக்கு நட்ட கற்களில், பதினோராம் வரிசையின் கடைசிக் கல்லை அவனென்று வைத்துக்கொண்டாள். மற்ற கற்களைச் சுற்றி அரிவாளால் வெட்டுவாள்; அதைச் சுற்றி மட்டும் கத்தரிக்கோல். வேலை முடிந்ததும் முகம் துடைத்துவிடுவதுபோல் அதை ஈரத்துணியால் துடைத்துவிடுவாள்.

ஒருநாள் காலையில் அந்தக் கல்லைக் கட்டிக்கொண்டு யாரோ ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். அமிர்தவல்லி அரிவாளைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

“யாரும்மா நீ? அதுலதான் பேரே இல்லியே!”

“எங்க வீட்டுக்காரரும் கெடைக்கலக்கா. பேரில்லாத கல்லு அத்தனையும் பாத்துட்டேன். இது ஒண்ணுதான் அவர மாதிரியே பளிச்சுனு இருந்துச்சு. இனிமே வாராவாரம் வந்துருவேன்.”

அமிர்தவல்லி அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து, பஸ் நிற்கும் இடத்தையும் காட்டி அனுப்பிவைத்தாள். அவள் தலை மறைந்ததும் இரண்டு கையாலும் சேற்றை அள்ளி வந்து கல் முழுக்க அப்பினாள்.

“கொஞ்ச நாளைக்கு அழுக்காவே இருங்க,” என்றாள்.