நாலாவது டேப்

மொந்தெவிதேயோ நகரின் ஞாயிறு முரசு ஊர்வலத்தில் நான் சின்ன முரசான சீக்கோ வாசிக்கிறேன். வலக்கையில் குச்சி, இடக்கை வெறுங்கை. அந்த இடக்கைதான் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. தினமும் தலையணையை அடித்துப் பழகியும் போன வாரம் மூன்றாவது தெருவிலேயே பின்தங்கினேன்.

"இன்னிக்கும் இழுத்தேன்னு வை, முரசைக் கழட்டிக் குடுத்துட்டுப் போயிட்டே இரு," என்றார் எங்கள் குழுத் தலைவர் ஒவிதியோ, விறகுத் தீயில் முரசுத் தோல்களைச் சூடேற்றியபடி.

தோழி எஸ்தெலா வழக்கம்போல் என் இடக்கையின் மூன்று விரல்களுக்கு ஆளுக்கொரு துண்டு டேப் சுற்றினாள்.

அன்று இடக்கை பறந்தது. பத்துத் தெருவிலும் ஒரு அடிகூடத் தளரவில்லை. முடிந்ததும் டேப்பை உருவினேன். நான்கு வந்தன. நான்காவது சின்னது, உள்ளே ரத்தம், இன்னும் சூடாக. என் விரல்களில் ஒரு கீறல்கூட இல்லை.

"நான் மூணுதான்டி சுத்தினேன்," என்றாள் எஸ்தெலா.

ஒவிதியோ தோளில் தட்டினார். "அடுத்த வாரமும் இதே வேகம் வேணும்."

அடுத்த ஞாயிறு எஸ்தெலா மூன்று துண்டு கிழித்துச் சுற்றினாள். பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், சின்னதாய் இன்னொன்று கிழித்து முரசின் விளிம்பில் ஒட்டிவைத்தாள்.

தோளில் வாரை மாட்டிக்கொண்டு குனிந்தேன். விளிம்பில் டேப் இல்லை.