டிராகன் ஏன் வெளியே வரவில்லை?

“என் சாப்பாட்டு மேஜையில இன்னும் எத்தனை ஞாயித்துக்கிழமை பொணம் விழணும்?”

போன வாரம் கேட்டதையே, ஒரு வார்த்தை மாறாமல், இந்த வாரமும் கேட்டாள் வாத்தியாரின் மனைவி.

பொணம் என்றால் பொம்மைப் பொணம். கட்டைவிரல் உயரக் குள்ள வீரர்களும் எலும்புக்கூட்டு வீரர்களும் மேஜை முழுக்கச் சாய்ந்து கிடந்தார்கள். அவளுடைய நல்ல கிண்ணங்களைக் கவிழ்த்து வைத்தால் அது மலை. குளியலறைக் கால்மிதி, சதுப்பு நிலம். படை நகர்கிற தூரத்தை அளக்க அவளுடைய தையல் இஞ்சு டேப்.

இந்தப் பொம்மைப் போரில் அடித்துக்கொண்டவர்கள் இரண்டு பேர். அவள் கணவர், கணக்கு வாத்தியார், குள்ளர்களின் தளபதி. அவள் அண்ணன், பல் டாக்டர், எலும்புக்கூடுகளுக்கும் ஒரு டிராகனுக்கும் தளபதி. கிளினிக்கில் கூட்டம் இல்லாத நேரத்தில் அந்த டிராகனுக்குச் செதில் செதிலாக வண்ணம் தீட்டியவர்.

வழக்கம்போல வாத்தியார் தோற்றிருந்தார். தோற்றவர் வீட்டில்தான் அடுத்த ஆட்டம் என்பது அவர்கள் விதி. ஆக, அடுத்த ஞாயிறும் இதே மேஜை.

“ஒரே ஒரு தடவை ஜெயிச்சுத் தொலைச்சா என்னங்க? ஒரு வாரமாவது இந்த எலும்பெல்லாம் அண்ணன் வீட்டுல கிடக்கட்டும்.”

வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். வெட்கத்தால் அல்ல, சிரிப்பை மறைக்க. தோற்கச் சொன்னவளே அவள்தான்.

அண்ணி காலமானதிலிருந்து அண்ணன் யார் வீட்டுக்கும் சாப்பிடப் போவதில்லை. அன்பாகக் கூப்பிட்டால் கிளினிக்கில் வேலை என்பார். தன்னைப் பாவம் பார்க்கிறார்கள் என்று லேசாக வாடை அடித்தால் போதும், மனிதர் கதவைச் சாத்திக்கொள்வார். சண்டைக்கு என்றால் வருவார். வந்தால் மத்தியானம் வயிறாரச் சாப்பிடுவார், ராத்திரிக்கும் டப்பாவில் எடுத்துப் போவார். அதனால் வாத்தியார் தோற்றுக்கொண்டே இருக்க வேண்டும், சந்தேகம் வராதபடி அவள் திட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அவளுடைய பங்கு அவளுக்கு ஒன்றும் சிரமமாக இல்லை.

இன்றைக்கு அண்ணன் கிளம்புகிற வழியாக இல்லை. விழுந்த பொம்மைகளை எழுப்பி நிறுத்தி, ஆட்டத்தை முதலிலிருந்து அலச ஆரம்பித்தார். சொத்தைப் பல்லைத் துழாவுகிற அதே நிதானம்.

பீரங்கியைச் சொந்த ஆட்களின் முதுகுக்குப் பின்னால் யாராவது வைப்பார்களா என்று கேட்டார். பாதுகாப்புக்காக என்றார் வாத்தியார். நல்ல குதிரைப்படையைக் கொண்டுபோய்ச் சதுப்பில் இறக்கியது? குறுக்கு வழி என்று நினைத்தாராம்.

“மாப்பிள்ளை, நீங்க பசங்களுக்குக் கணக்கு சொல்லித் தர்றவர். குதிரையை மேட்டுப் பக்கமா விட்டிருந்தா என் கதை அப்பவே முடிஞ்சிருக்கும்.”

“அதனாலதானே விட வேண்டாம்னு சொன்னேன்,” என்றாள் அவள், தட்டுகளை அடுக்கியபடியே.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். டிராகனுக்கும் பல்லிக்கும் தனக்கு வித்தியாசம் தெரியாது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தவள்! ஆட்டமே முடிந்துபோன மேஜையில் வாத்தியார் பாட்டுக்குப் பகடையை உருட்டினார்.

அண்ணன் எழுந்தார்.

போச்சு, இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார் என்று நினைத்தாள். சமாளிக்க உடனே ஒரு திட்டு வேண்டும். அவள் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் நகர்ந்துவிட்டார்.

அவர் வாசல் பக்கம் போகவில்லை. மேஜையின் அந்தக் கோடிக்குப் போய், கிண்ணத்துக்குப் பின்னால் கையை விட்டு டிராகனை எடுத்தார். ஒரு செதில்கூட உரியாமல், புது மாப்பிள்ளை மாதிரி பளபளத்தது.

“என் தப்பை யாருமே கேக்கலையே. நெருப்பு கக்குற ஜந்து. இறக்கி விட்டா உங்க படை மொத்தமும் சாம்பல். ஆட்டம் முடியற வரைக்கும் இதை இங்கயே ஒளிச்சு வெச்சிருந்தேன். போன வாரமும்தான். அப்படியும் ஜெயிச்சுத் தொலைக்கிறேன்.”

வாத்தியாரின் கையில் பகடை நின்றது.

“வீட்டுல பெரிய மேஜையா ஒண்ணு வாங்கிப் போட்டிருக்கேன்மா,” என்றார் தங்கையிடம். “உங்க அண்ணி போனதுக்கப்புறம் அங்க யாரும் சத்தமா ஒரு வார்த்தை திட்டினதுகூட இல்ல.”

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அடுத்த வாரமாவது என்னைத் தோக்க விடுங்களேன், மாப்பிள்ளை.”